ஆசனத்துக்கு முந்தின படி

உ
சிவமயம்

சண்டிலிப்பாய்,
09.02.1989

அன்பு மகன் தயாபரனுக்கு,

நானும் அம்மாவும் அம்மாளாச்சி புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்த ஜெர்மனிக் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க அவளையே வேண்டுகிறோம். புகையிலைக்கு இறைப்பு நடக்கிறது, அம்மாவின் முழங்கால் நோ குறைவு. இன்றைக்கு எனக்கிருக்கிற சந்தோஷப் புளுகத்தில் பேனை ஓரிடத்தில் நிற்குதில்லை, எழுத்துக் கோணினால் குறை நினையாதே.

போன கடிதத்தில் நீ, யாழ்ப்பாணத்துச் சைவப் பிள்ளைக்கு யோகாசனம் தெரியாமலோ என்று இங்குள்ளவர்கள் கேட்க, ஓம், தெரியும் என்று தலையாட்டிவிட்டேன், இப்போது சனிக்கிழமைகளில் பன்னிரண்டு பேர் படிக்க வருகிறார்கள், ஐயா, தெரிந்தவர்களிடம் ஆறு ஆசனம் கேட்டு எழுதுங்கோ என்று எழுதியிருந்தாய். மடையா, பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டதைத் தவிர நீ எந்த ஆசனத்தைக் கண்டாய்! ஆனால் உன்னை மட்டும் ஏசி என்ன, நானும் பூரித்துப்போய் மகன் அங்கே யோகாசிரியர் என்று சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தேன். நெல்லியடியில் உனக்குக் கலியாணம் பேசியிருக்கும் தியாகலிங்கத்தார் வீட்டிலும், பிள்ளை இராசமலர் கேட்கத்தக்கதாகவே சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு அந்த ஆறு ஆசனத்துக்காக நல்லூருக்கு, நாற்பது வருசமாக யோகம் செய்கிற இராசநாயகம் அண்ணையிடம் போனேன். நானும் ஒருக்கால் காலை மடித்துப் பார்க்க, அது அவிழாமல் அவரும் பெண்சாதியும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தது தனிக்கதை, அம்மா இன்னும் சிரிக்கிறா. உன் விஷயத்தைச் சொன்னதும் அவர், "ஆசனம் மூண்டாம் படியெல்லோ, உங்கடை மகன் முதல் இரண்டும் ஏறிட்டாரோ?" என்று கேட்டார். முதற்படி இயமமாம், கொல்லாமை, களவெடாமை, பொய் சொல்லாமை எல்லாம் அதற்குள். அடுத்தது நியமம், தூய்மையும் போதுமென்ற மனமும். யோகம் என்பதே மனம் அடங்கிச் சிவத்தோடு சேர்வதாம், பொய் சொன்னவன் மனம் அந்தப் பொய்க்கு இரவு பகலாகக் காவல் இருக்கும், அது அடங்காமல் காலை மட்டும் மடித்து என்ன பிரயோசனம் என்றார். எனக்குச் சுரீரென்றது.

நேரே நெல்லியடிக்குப் பஸ் ஏறினேன். சம்பந்தம் முறிந்தால் முறியட்டும் என்று வாசலில் நின்றே சொன்னேன், மகனுக்கு யோகமும் தெரியாது ஒரு மண்ணும் தெரியாது, சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறான் என்று. சொல்லி முடிய மூச்சு தானாக நீளமாக வந்தது பார், இதுதானோ பிராணாயாமம் என்று நினைத்தேன். தியாகலிங்கத்தார் முகம் கறுத்துவிட்டது, ஆனால் உள்ளே நின்ற பிள்ளை சிரித்த சிரிப்பு! யோகியென்றால் ஒருநாள் சந்நியாசியாகப் போய்விடுவார் என்று ஒரு கிழமையாகச் சாப்பாடே இறங்கவில்லையாம். கோப்பை கழுவுகிறவர் என்றால் தனக்கு முழுச் சம்மதம் என்று தாயிடம் சொல்லிவிட்டாள். எனக்கு அந்த முற்றத்திலேயே ஆடவேண்டும் போலிருந்தது. ஆனால் ஒரு சொல் வைத்திருக்கிறாள். "அந்தப் பன்னிரண்டு பேருக்கும் அவர் தன்ரை வாயாலை உண்மையைச் சொல்லோணும், பிறகு நான் வாறன்" என்றாள்.

கடிதம் கிடைத்த முதற் சனிக்கிழமையே சொல்லிவிடு ராசா. அங்கே உண்மையாகத் தெரிந்தவர் யாரும் இருந்தால் நீயும் பக்கத்தில் இருந்து படி. அம்மா உச்சி மோந்து ஆசீர்வாதம் சொல்கிறா, அம்மாளாச்சி உன்னைக் கைவிடமாட்டாள். கம்பளிச் சட்டையை மறவாதே. சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி வந்தால் போதும், அன்றைக்கே ஐயரிடம் நாள் வைக்கப் போவேன்.

இப்படிக்கு,
உன் பொய்யில் தன் பங்கை நெல்லியடியில் இறக்கிவைத்த ஐயா,
க. பஞ்சலிங்கம்