கதவு எண்ணும் சொல்ல வேண்டுமாம்

தையுவான்,
செப்டம்பர் 8

மகள் வென்ஜிங்குக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். உனக்குப் பதினெட்டாம் தேதி ஆபரேஷன் என்று உன் சிநேகிதி தாவ் லின் சொல்லித்தான் தெரிந்தது. இதையும் அவளிடம்தான் கொடுத்தனுப்புகிறேன்.

செய்தி கேட்டதிலிருந்து உன் அம்மா என்னைப் படுத்தும் பாடு சொல்லி மாளாது. நேற்று உன் அத்தையும் அவளுமாக என்னை மலைக்கோயிலுக்கு இழுத்துப் போனார்கள். முப்பத்தாறு வருடம் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவன் தலையில் டிராவல்ஸ்காரன் கொடுத்த மஞ்சள் தொப்பி. ஆயிரம் வருடத்துக் கோயிலாம். தூணில் அடித்த சிவப்பு பெயின்ட் கையில் ஒட்டுகிறது. கல் ஆமையின் தலையைத் தடவினால் ஆயுள் கூடுமாம், அதற்கு ஒரு தள்ளுமுள்ளு. உன் அத்தை கைத் தடிமனில் ஊதுபத்தி வாங்கிக்கொண்டு, "பெருசா இருந்தாத்தான் அண்ணே சாமி கண்ணுல படும்" என்கிறாள். அவளுக்கு வயது அறுபத்திரண்டு.

குவான்யின் அம்மன் முன்னால் மண்டியிட்டுப் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் ஒப்பிக்க வேண்டும், உனக்குத் தெரியாததா. கதவு எண் வரைக்கும் கேட்கிற தெய்வம். உன் அம்மா உனக்காக வேண்டிக்கொண்டு, பழக்கத்தில் நம் வீட்டு முகவரியையே சொல்லிவிட்டாள். வெளியே வந்ததும் உன் அத்தை சும்மா இருந்தாளா? "அய்யோ அண்ணி, பொண்ணுதான் அங்க இல்லையே. அம்மன் வந்து கதவைத் தட்டிப் பாத்துட்டுத் திரும்பிடுவாங்களே" என்றாள். உன் அம்மா நூடுல்ஸ் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். சரியான முகவரி எதுவென்று அவளுக்குத் தெரியாது.

இந்தக் கூத்தை நிறுத்தலாம் என்று நானே உள்ளே போனேன். முழங்கால் வலியோடு மண்டியிட்டேன். உன் பெயரைச் சொன்னேன், பிறந்த தேதியைச் சொன்னேன். ஊர் குவாங்சோ என்றேன். அதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. வரிசையில் பின்னால் நின்ற யாரோ ஒருத்தி, "பெரியவரே, சீக்கிரம் சொல்லி முடிங்க" என்றாள்.

நீ அந்தச் சமையல்காரனைக் கட்டிக்கொண்டு போன அன்று ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போன சீட்டைக் கிழித்தது நான்தான். படித்துக்கூடப் பார்க்கவில்லை. தாவ் லின்னிடம் முகவரி கேட்டால், "அவ சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா மாமா" என்கிறாள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, தெரியுமில்லையா. இருந்தாலும் முகவரியை எழுதி அனுப்பு. தெரு, கட்டடம், மாடி, கதவு எண், எதையும் விடாதே. பதினெட்டுக்குள் கிடைத்தால் இன்னொரு முறை மலை ஏறுகிறேன். அந்த மஞ்சள் தொப்பியைத் தூக்கி எறியவில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும், மகளே. அவனும்தான்.

உன் அப்பா,
கெங் ஷோவ்யி