வெள்ளி நூலை வளைத்துத் தைத்தேன்

சாலை, திருவனந்தபுரம்
12.6.2008

அன்புள்ள திவ்யா அக்காவுக்கு,

ஷிஜா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். பெங்களூர்ச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொண்டதா? வாரம் ஒரு கடிதம் என்றீர்கள். மூன்று வாரத்தில் ஒன்றுதான் வந்தது. போனில் எனக்கு வார்த்தை வராது என்று உங்களுக்கே தெரியும், அதனால்தான் கேட்கிறேன்.

ஆய்வகத்தில் துணி வெட்டும் லேசர் இயந்திரத்தைத் துடைத்து வைத்தேன். உங்கள் வெள்ளி நூல் முழங்கைப் பட்டை இன்னும் நான்கு தைத்துவிட்டேன். நேற்று பக்கவாதம் வந்த ஒரு தாத்தா அதை மாட்டிக்கொண்டு கையை மடக்கினார். கை மடங்கியதைக் கணக்கெடுத்துக் கணினி பீப் என்றதும், "மோளே, கரண்டு அடிக்குமா?" என்று பயந்தார். அப்புறம் விடவே இல்லை, பதினேழு தடவை மடக்கினார்.

பழைய தையல்கடை மாடம்மாள் அக்காவை வழியில் பார்த்தேன். "எட்டாங்கிளாஸோட நின்னவளுக்குக் கம்ப்யூட்டர் ஆபீஸ்ல என்னட்டி சோலி?" என்றாள். தைக்கிறேன் என்றேன். "அதுக்கா ஏசி?" என்று ஒரே சிரிப்பு.

அன்புடன்,
ஷிஜா


பெங்களூர்
19.6.2008

அன்புள்ள ஷிஜா,

எழுதாததற்குக் கோபிக்காதே. இங்கே நிலைமை சரியில்லை.

என் வரைபடத்தைக் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் அதே பட்டையைச் செய்துகொள்ளலாம் என்பதுதான் என் ஆய்வே. ஆய்வைச் சோதிக்கும் இங்குள்ளவர்கள் படத்தைப் பார்த்து ஆறு பட்டை செய்தார்கள். நூறு தடவை மடக்குவதற்குள் ஆறிலும் வெள்ளி நூல் அறுந்துவிட்டது. நம்முடையது ஐயாயிரம் தடவை தாங்கியதாக நான் எழுதியிருக்கிறேன். "எண்ணினது நீங்களா, உங்க ஆசையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். ஜூலை பத்தாம் தேதிக்குள் காரணம் சொல்லாவிட்டால் ஆய்வை நிறுத்திவிடுவார்கள்.

நீ படத்தில் உள்ளபடிதானே தைத்தாய்? உடனே எழுது.

திவ்யலட்சுமி


சாலை
24.6.2008

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நான் படத்தில் உள்ளபடி தைக்கவில்லை.

படத்தில் நேர்கோடு இருந்தது. இழுபடும் துணியில் நேராகத் தைத்தால் நூல் அறுந்துவிடும். அதனால் பாம்பு போவது போல வளைத்து வளைத்துத் தைத்தேன். மேல்துணி மூடியிருப்பதால் உங்கள் கண்ணில் பட்டிருக்காது.

மாடம்மாள் அக்கா கடையில் ஒரு வழக்கம் உண்டு. துணி கொண்டுவருகிறவர் கொடுத்த அளவு தப்பாக இருந்தால் அவரிடம் சொல்லக்கூடாது, அவருக்குக் குறைச்சலாகிவிடும். நாமே சரிசெய்து தைத்து, வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிட வேண்டும். உங்களையும் ரவிக்கை தைக்க வந்தவர் மாதிரி நினைத்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

ஷிஜா


பெங்களூர்
30.6.2008

ஷிஜா,

நீ அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு இந்த அவமானம் வந்திருக்காது. போகட்டும்.

படத்தை வளைகோடாக மாற்றிவிட்டேன். தவறுதலாகப் பழைய படத்தை அனுப்பிவிட்டேன் என்று இங்கே சொல்லப்போகிறேன். நம் ஆய்வகத் தலைவர் ஸ்ரீகண்டன் சார் உன்னை விசாரிப்பார். படத்தில் வளைகோடுதான் இருந்தது என்று சொல். உன்னிடம் உள்ள அச்சுப் படங்களைக் கிழித்துப் போடு. தையல்காரி மாற்றித் தைத்ததால்தான் கருவி வேலை செய்தது என்றால் என் நான்கு வருட உழைப்பு சிரிப்பாகிவிடும். உன் வேலை நிரந்தரமாக நான் எழுதித் தருகிறேன்.

திவ்யலட்சுமி


சாலை
5.7.2008

அன்புள்ள அக்காவுக்கு,

படங்களைக் கிழிக்க எடுத்தேன். முடியவில்லை.

நேற்று ஸ்ரீகண்டன் சார் வந்தார். "ஷிஜே, பேடிக்காதே, பயப்படாம சொல்லு. படத்துல நேர்கோடாணோ, வளைவாணோ?" என்று கேட்டார். "நேர்கோடு சார். வளைச்சது நானாக்கும்" என்றேன். ஏன் என்றார். இரண்டு துண்டு வெட்டி, ஒன்றில் நேராகவும் ஒன்றில் வளைத்தும் தைத்து, அவர் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னேன். நேராகத் தைத்தது அறுந்தது.

"இத்தன நாள்ல இத உன்கிட்ட ஆரும் கேக்கலியா?"

"இல்ல சார்."

அவர் அந்த இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உங்களைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று இல்லை, அக்கா. அந்தத் தாத்தா முழங்காலுக்கும் ஒரு பட்டை கேட்கிறார். முழங்கால் இன்னும் அதிகமாக இழுக்கும். எவ்வளவு வளைக்க வேண்டும் என்பது கைக்குத்தான் தெரிகிறது. அது எந்தப் படத்திலும் இல்லை. வளைவு முதலிலிருந்தே படத்தில் இருந்தது என்று சொல்லிவிட்டால், அதற்கப்புறம் யாரும் என்னிடம் கேட்கப்போவதில்லை.

நேற்று தைத்தது போலவே இரண்டு துண்டுகள் தைத்து இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். ஸ்பீட் போஸ்ட், பத்தாம் தேதிக்கு முன்னால் கிடைத்துவிடும். அவர்கள் முன்னால் இழுத்துக் காட்டுங்கள், நம்புவார்கள். யார் தைத்தது என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதவில்லை.

ஷிஜா