வலது சுவிட்சில் ஒரு பொட்டு

நிலா, தென்துருவக் குடியிருப்பு. காற்றுப் பதிவேடு. எழுதுவது: பேச்சியம்மாள்.

நாள் 412, காலை 6:00
காற்று சரி. சூடு சரி. மூத்த பேரன் தண்ணீர்க் கப்பல் ஓட்டுகிறான். அடுத்தவன் பூமியில் எலும்பு டாக்டர். கடைக்குட்டி தாமரைச்செல்வி இங்கே மின் கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் பொறுப்பாளர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இவள் ஓர் ஊருக்கே விளக்கேற்றுகிறாள்.

நாள் 413, காலை 6:00
காற்று சரி. நாளை மேலதிகாரிகள் வருகிறார்களாம். கட்டுப்பாட்டு அறையைத் துடைத்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள். அங்கே சுவிட்ச் பலகையையே முதலிலிருந்து இடவலம் மாற்றி மாட்டியிருக்கிறார்கள். ஜன்னலில் பார்த்தால் சரக்குக் கிட்டங்கி வலப்பக்கம், குடியிருப்பு இடப்பக்கம். சுவிட்சுகள் நேரெதிர், வலதுதான் குடியிருப்புக்கு. சரிசெய்யச் சொல்லித் தாமரை பலமுறை எழுதினாள், பதிலில்லை. கடைசியில் தன் நெற்றிப் பொட்டை எடுத்துக் குடியிருப்பு சுவிட்சில் ஒட்டினாள். பொட்டு இருந்தால் தொடக்கூடாது. எல்லா ஷிப்டும் அதைப் பார்த்துத்தான் வேலை செய்தது. நேற்று அழுக்கென்று சுரண்டிவிட்டார்களாம். வருகை முடியும்வரை ஒட்டக்கூடாதென்று உத்தரவு. மாற்று ஆளும் வரவில்லை. அவளுக்கு இது தொடர்ந்து இரண்டாவது ஷிப்ட்.

நாள் 413, மாலை
விளக்கு போய்விட்டது. காற்று இயந்திரம் நின்றது. வானொலியில் தாமரை:

"ஆச்சி, கரண்டு லோடு ஏறிட்டு, கிட்டங்கிய அணைக்கச் சொன்னாவ. அபாய மணி அத்தனையும் ஒண்ணா அடிக்கி. கண்ணு பொட்டத் தேடுச்சு, ரெண்டுலயும் இல்ல. கிட்டங்கி வலப்பக்கம்லா, கை அங்ஙனயே போயிட்டு."

"அழாத ளா. திரும்பப் போடு."

"போட்டுட்டேன் ஆச்சி, கரண்டு ஏறல. காத்து இயந்திரமும் குளிர்ல உறைஞ்சிட்டு. சரிபாக்க ஆளு காலைலதான் வருவாவளாம்."

மின்சாரம் இல்லாமல் வெளிக்கதவு திறக்காது. உள்ளே குழந்தைகளோடு பதினொரு பேர். காற்று நள்ளிரவு வரை.

நாள் 413, இரவு
பேட்டரியில் ஓடும் சின்னத் திரையில் நிர்வாகத்தின் அறிவிப்பு: "விபத்துக்குக் காரணம் பணியாளரின் கவனக்குறைவு. அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்." நாங்கள் இன்னும் சாகவே இல்லை, அதற்குள் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். கூடவே அவள் படம். வேலையில் சேர்ந்த அன்று எடுத்தது. பொட்டு வைத்துச் சிரிக்கிறாள். அவள் எழுதிக் கேட்டதைப் பற்றி ஒரு வரி இல்லை. பொட்டைச் சுரண்டியவர் பெயரும் இல்லை.

நாள் 413
மூச்சு வாங்குகிறது. எழுத்து கோணுகிறது. குழந்தைகள் தூங்கிவிட்டன. தூக்கம் என்றே எழுதுகிறேன்.

இதை எடுப்பவருக்கு. என் பேத்தி படத்தை இறக்குங்கள். புதுப்படம் போடுங்கள். அந்தப் பலகையைப் படமெடுத்துப் போடுங்கள். வலது சுவிட்சில் பசை காய்ந்த வட்டம் இருக்கும். அதையும் துடைப்பதற்குள் எடு