அந்த முன் சீட்

என்னங்க,

வகுப்புக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. உங்கள் பழைய ஆபீஸ் தோழி ஏழு மணிக்குக் காரைக் கொண்டுவருகிறாளாம்.

"அவ காரை கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்று நேற்று நீங்கள் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரசு இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, ஆறு வருடச் சோதனை அறிக்கைகளையும் எடுத்து, நோட்டில் வரிசையாக எழுதினேன். ஏதாவது குறை கிடைக்காதா என்றுதான் தேடினேன். பிரேக், டயர், புகை எல்லாம் சரி. ஓடிய கிலோமீட்டரும் ஒழுங்காக ஏறியிருக்கிறது. போன வருடம் மட்டும் ஒரு வரி: ஓட்டுபவருக்குப் பக்கத்து சீட் கடைசிவரை பின்னால் தள்ளியபடி சிக்கிக்கொண்டிருக்கிறது.

அவ்வளவு தள்ளினால்தான் உங்கள் காலுக்கு இடம் போதும். "நான் அதுல ஒரு நாள்கூட ஏறினதில்ல" என்றீர்களே? நான்தான் வீணாகக் கற்பனை செய்கிறேனோ, தெரியவில்லை. அந்த வரியை மூன்று முறை படித்துவிட்டேன்.

வண்டி நல்ல வண்டிதான். வாங்குங்கள்.

பி.கு.: கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடாதீர்கள், என்னிடம் சாவி இருக்கிறது.

இன்னொன்று: அந்த சீட்டை என் காலுக்குத் தக்கபடி முன்னால் இழுத்துச் சரிசெய்து தரச் சொல்லுங்கள். அதுவரை, ஓட்டிப் பார்க்கப் போனால் அவள் பின் சீட்டில் உட்காரட்டும்.