அந்தரத்தில் டிபன் கேரியர்

திருவொற்றியூர்
17.1.1999

அன்புள்ள தோஸ்து வால்டருக்கு,

பரசுராமன் எழுதுகிறேன். யார் எழுதிக் கொடுத்தது என்று கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்காதே. நானேதான். பொங்கலன்று தொடங்கினேன், இன்றைக்குத்தான் உன் பெயரைத் தாண்டி வந்திருக்கிறேன்.

செல்லம்மா சுகம். நீயும் மகள் வீட்டில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. படிக்கத் தெரியாதவனுக்கு எதற்குக் கடிதம் என்று விட்டிருப்பாய். இனி அந்தச் சாக்கு செல்லாது.

மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. தேவகிருபை டீச்சர் சொல்லிக்கொடுக்கிறார். எழுத்துக் கூட்ட வந்ததும் முதல் வேலையாகப் பேப்பர் வாங்கினேன். ஏமாந்துபோனேன், வால்டர். ஹார்பரில் சாப்பாட்டு நேரத்தில் நீ எங்களுக்குப் பேப்பர் படிப்பாயே, அந்தச் செய்தியெல்லாம் இப்போது வருவதே இல்லை. எண்ணூரில் ஒரு எருமை பஸ் பாஸ் கேட்டது, ஒரு மாப்பிள்ளை தன் கல்யாணத்துக்கே மொய் எழுதிவிட்டுத் திரும்பியது, இதெல்லாம் எங்கே போயிற்று? நீ முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் படிப்பாய். நாங்கள் புரையேறச் சிரிப்போம். எல்லாம் உன் மண்டையில் அச்சானது என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன். நிஜப் பேப்பர் சப்பென்று இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரலில் வகுப்பின் ஆண்டு விழா. எங்களைச் சிரிப்பு நாடகம் போடச் சொல்லியிருக்கிறார் டீச்சர். விடிய விடிய நடக்கிற நாடகம் இல்லை. ஐந்து நிமிடம், ஒரு கலாட்டா, சிரிப்பு, முடிந்தது. கைநாட்டு வைக்கிறவன் பேங்குக்குப் போவதாக எனக்கும் ஐஸ் வியாபாரி ராசையாவுக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார். எனக்கு வரவே இல்லை. ஜோக் வருவதற்கு முன்பே நான் சிரித்துவிடுகிறேன். அது போதாதென்று இந்தக் கை வேறு. ராசையாவைப் பார்த்து 'எழுந்திரு' என்று சொல்லவேண்டிய இடத்தில் என் விரல் தானாக மேலே போய் வட்டம் போடுகிறது. கப்பலில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டிய உனக்கு 'தூக்கு' என்று சிக்னல் காட்டிய கை அல்லவா? ராசையா கேட்கிறான்: "இன்னா பெர்சு, வசனம் சொல்றியா, கொசு ஓட்டிக்கினு கீறியா?"

நீ வா. சிரிக்க வைக்கத் தெரிந்தவன் நம் கூட்டத்தில் நீ ஒருவன்தான். மேடையில் நீ என்னோடு நிற்கவேண்டும்.

உன் சிக்னல்காரன்,
பரசுராமன்


கோலார் தங்கவயல்
4.2.1999

அன்புள்ள பரசு,

உன் எழுத்து ஒவ்வொன்றும் மூட்டை மூட்டையாக இருக்கிறது. ஆனால் ஒன்றும் அவிழ்ந்து கொட்டவில்லை. மகளிடம் காட்டினேன். என் தோஸ்து எழுதியது என்றால் நம்பமாட்டேன் என்கிறாள்.

என்னால் வரமுடியாது. திரும்பக் கேட்காதே.

நாடகத்துக்கு மட்டும் சொல்கிறேன். நீ சிரிக்காதே. சிரிப்பு பார்க்கிறவனுடைய பங்கு. அதில் நீ கைவைத்தால் அவனுக்கு மிச்சம் இருக்காது. வசனத்தைக் குறை. ஜோக்குக்கு முன்னால் காத்திரு. இன்னும் கொஞ்சம் காத்திரு. ஜனம் தாங்கமுடியாமல் நெளிகிறபோது விடு.

அந்தக் கையைத் திட்டாதே. நல்ல கை அது. மேஸ்திரியின் டிபன் கேரியர் ஞாபகம் இருக்கிறதா?

வால்டர்


திருவொற்றியூர்
28.2.1999

அன்புள்ள வால்டருக்கு,

ஞாபகம் இருக்கிறதாவா! உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் செல்லம்மா அடுப்பை விட்டு ஓடிவந்தாள். "இந்த மன்ஷனுக்குப் படிப்பு தலைக்கு ஏறிட்ச்சி" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

மேஸ்திரி கேரியரை வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினார். நான் அதைக் கொக்கியில் மாட்டி விரலைச் சுற்றினேன், நீ தூக்கினாய். அவர் தரையெல்லாம் தேடுகிறார், கேரியர் தலைக்கு மேலே தொங்குகிறது. அவர் நிமிரப் போகும்போது நான் உள்ளங்கையைக் கவிழ்த்தேன், நீ அவர் முதுகுக்குப் பின்னால் பூப்போல இறக்கினாய். அவர் குனிந்தால் மறுபடியும் மேலே. கப்பல்காரச் சீனர்கள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

டீச்சரிடம் சொன்னேன். பேங்க் நாடகம் போயிற்று, இனி இதுதான். கிணற்றுச் சகடை ஒன்றை மேலே கட்டி, திரை ஓரத்தில் கயிறு விட்டிருக்கிறோம். ராசையாதான் மேஸ்திரி. கயிறு இழுக்க மீன்காரப் பூவம்மா வந்தாள். நான் 'மெதுவாக' என்று விரல் நுனிகளைச் சேர்த்துக் காட்டினேன். அவள் அதைப் பார்த்து, "இன்னாய்யா, உப்பு கேக்கறியா?" என்று கயிற்றை விட்டுவிட்டாள். கேரியர் சாம்பாரோடு ராசையா தலையில் இறங்கியது. நல்லவேளை, ஆறின சாம்பார்.

என் கையைப் படிக்க உலகத்தில் நீ ஒருவன்தான் இருக்கிறாய். ஏன் வரமாட்டாய்? என் மேல் கோபமா? காரணத்தைச் சொல்லிவிடு.

பரசுராமன்


கோலார் தங்கவயல்
11.3.1999

பரசு,

கோபம் இல்லை. சென்ற வருடம் தொண்டையில் ஆபரேஷன் செய்தார்கள். குரலையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை இருக்கிறது, துணி சுற்றிக்கொண்டிருக்கிறேன். மூச்சு அதன் வழியாகத்தான்.

பேத்தி கதை கேட்கிறாள், நான் பலகையில் எழுதிக் காட்டுகிறேன். என் பழைய ராயபுரத்தில் என்னைப் பார்த்தாலே சிரிக்கிற ஜனம், இப்போது பார்த்தால் உச்சுக்கொட்டும். அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. நான் பேசின வால்டராகவே அங்கே இருந்துவிட்டுப் போகிறேன்.

வேறு ஆளைத் தேடிக்கொள்.

வால்டர்


திருவொற்றியூர்
20.3.1999

அன்புள்ள வால்டர்,

உன் கடிதத்தைச் செல்லம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் என்னால் முடியவில்லை. எழுத்து தெரியாமல் நின்றேன் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. விஞ்சு ஓடும்போது உன் குரலை நான் எப்போது கேட்டேன்? நான் கப்பலில் சரக்கு இறக்கும் குழியின் விளிம்பில், நீ அத்தனை தள்ளி. அந்தச் சத்தத்தில் சங்கு ஊதினாலும் கேட்காது. கையாலேயே பேசினோம், கையாலேயே சண்டை போட்டோம். எனக்குப் பெண் பிறந்ததைக்கூட அங்கிருந்து கையால்தான் உனக்குச் சொன்னேன். நீ இரண்டு கையாலும் தொட்டில் ஆட்டிக் காட்டினாய்.

இந்த நாடகத்தில் யாருக்கும் வசனம் கிடையாது. டீச்சரிடம் சொல்லி எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். ஜனம் உச்சுக்கொட்டினால் அது என் தப்பு, உன் தப்பு இல்லை.

விழா ஏப்ரல் பதினேழு. முதல் நாளே சென்ட்ரலில் வந்து நிற்பேன். நீ வராவிட்டால் நாடகம் இல்லை. வேறு ஆள் கிடையாது.

பரசுராமன்


திருவொற்றியூர்
25.4.1999

அன்புள்ள வால்டருக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று உன் மகள் போன் செய்ததாக எதிர்வீட்டில் சொன்னார்கள். நீ மறந்துவிட்டுப் போன மப்ளர் துவைத்து மடித்து வைத்திருக்கிறது.

மேடையில் நடந்ததை நீயும்தான் பார்த்தாய். ஆனாலும் எழுதியே தீரவேண்டும், மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. தேடித் தேடிக் களைத்து ராசையா சப்பணமிட்டு உட்கார்ந்தான். நான் 'இறக்கு' என்று காட்டினேன். கயிற்றைப் பிடித்திருந்த நீ இறக்கவில்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கப்பலில் ஒரு நாளும் நீ என் கையை மீறினதில்லை. மீறினால் கீழே நிற்கிறவன் உயிர் போய்விடும். கயிறு நழுவுகிறதோ, உனக்கு மூச்சு முட்டுகிறதோ என்று பயந்து மறுபடியும் காட்டினேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை. ஜனத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். ராசையா வெறுங்காற்றைப் பிசைந்து வாயில் போட ஆரம்பித்தான். பூவம்மா கூட்டத்திலிருந்து எழுந்து கத்தினாள்: "அய்யே, அந்தாளு பட்னி கீறாருய்யா! எறக்கு!"

அப்போதுதான் இறக்கினாய். பூப்போல, அவன் மடியில்.

அந்தச் சிரிப்பு மார்க்கெட் வரைக்கும் கேட்டதாம். உன் கழுத்துத் துணியை யாராவது பார்த்தார்களா? நான் பார்த்தேன். அது படபடவென்று ஆடியது. தோள் இரண்டும் குலுங்கின. நீயும் சிரித்துக்கொண்டிருந்தாய். எனக்குச் சொன்ன பாடத்தை நீயே மீறிவிட்டாய்.

சென்ட்ரலில் வண்டி நகர்ந்ததும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, முஷ்டியை மூடி, 'நிறுத்து' என்று காட்டினாயே! வண்டி கேட்கவில்லை. கூடவே நடந்துவந்த நான் நின்றுவிட்டேன். பழக்கம். பிளாட்பாரமே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. பாடம் அப்படித்தானே?

ஒரே ஒரு குறை. பேப்பர் இன்னும் சப்பென்றுதான் இருக்கிறது.

பரசுராமன்


கோலார் தங்கவயல்
3.5.1999

அன்புள்ள பரசு,

இன்றைய பேப்பர்:

சென்னை சென்ட்ரலில் ரயிலை நிறுத்தச் சொல்லிக் கை காட்டிய பெரியவரிடம், அன்று அவசரத்தில் கவனிக்காமல் போய்விட்டதாக ரயில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. அடுத்த முறை நின்று, டீ குடித்துவிட்டுத்தான் புறப்படும்.

எண்ணூர் எருமைக்கு பஸ் பாஸ் கிடைத்துவிட்டது. போட்டோவில் கண்ணை மூடிவிட்டதால் மறுபடியும் வரச்சொல்லியிருக்கிறார்கள்.

திருவொற்றியூர். இங்கே ஒருவர் திங்கட்கிழமை சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து, தாமாகவே எழுத்துக் கூட்டி இந்தப் பேப்பரைப் படித்தார். படித்துக்காட்ட அருகில் எவரும் இல்லை. இருந்தும் புரையேறியது.

வால்டர்