ஊஞ்சலுக்குத் தோண்டிய குழி

அக்கா, இன்று காலை பால் வாங்கக் கீழே இறங்கினேன். குழாய் பதிப்பதற்காக நம் கட்டடத்து வாசலைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பச்சை மண் வாடை முகத்தில் அடித்தது. அப்படியே நின்றுவிட்டேன். பூங்காவுக்குக் குழி வெட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமை கண்முன் வந்தது. மேலே ஓடிவந்து உங்களிடம் சொல்ல வாயெடுத்தேன். உங்கள் வீட்டுக் கதவில் வேறு யாருடைய பெயரோ இருந்தது.

திலக் நகருக்கு நாம் குடிவந்தபோது, கட்டடங்களுக்கு நடுவே அது வெறும் புதர்க்காடு. அங்கே பூங்கா வரப்போகிறது என்று சொல்லி ஒரு முனிசிபல் அதிகாரி வந்தார். சுவரில் வரைபடத்தை மாட்டி, என்னென்ன வேண்டும் என்று நம்மையே கேட்டார். ஆண்கள் பேட்மிண்டன் மைதானம் என்றார்கள். பெரியவர்கள் பெஞ்சு என்றார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து நீங்கள் ஒருவர்தான் எழுந்தீர்கள்.

"மொதல்ல ஊஞ்சல் போடுங்க. மத்ததெல்லாம் பொறவு."

எனக்குப் பின்னால் யாரோ ஒருத்தி முணுமுணுத்தாள், "புள்ள இல்லாதவளுக்கு ஊஞ்சல் எதுக்காம்?" உங்கள் காதில் விழாமல் இருந்திருக்காது. ஆனாலும் வரைபடத்தின் கிழக்கு மூலையில் அதிகாரி ஊஞ்சலை வரைந்த பிறகுதான் உட்கார்ந்தீர்கள்.

மண் வேலையைக் காலனிக்காரர்களே செய்துகொள்வது என்று ஏற்பாடு. அந்த ஞாயிற்றுக்கிழமை ஊஞ்சல் கம்பத்துக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் திடீரென்று மண்வெட்டியைக் கீழே போட்டார். குழிக்குள் எலும்புகள். நாயாக இருக்கும் என்றார் ஒருவர். அப்போதுதான் மண்ணில் அந்த வளையம் தெரிந்தது. செம்புக் கம்பியில் கறுப்பு மணி கோத்தது. கைக்குழந்தையின் மணிக்கட்டுக்குத்தான் சேரும்.

தினமும் நமக்குக் கீரை கொண்டுவரும் மராட்டிக்காரப் பாட்டி கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "மாஜே பாள்!" என்று மண்ணில் விழுந்தாள். என் குழந்தை, என் குழந்தை என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். காலனி வருவதற்கு முன்னால் அங்கே அவர்களுடைய குடிசைகள் இருந்தன என்பதும், இறந்த சிசுக்களை அந்த மூலையில்தான் புதைத்தார்கள் என்பதும் அன்றுதான் நமக்குத் தெரிந்தது.

காலனி சங்கத் தலைவர் முகம் வெளிறி நின்றார். "வெளிய தெரிஞ்சா பார்க்கே வராது. சட்டுன்னு மூடிட்டுக் காங்கிரீட்டப் போடுங்க."

நீங்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கிவிட்டீர்கள்.

"அண்ணாச்சி, நானும் ஒண்ணப் பெத்துப் பால்குடி மாறாமலே மண்ணுக்குக் குடுத்தவதான். ஊர்ல அத பொதச்ச எடத்துல இன்னைக்கு எவன் வீடோ நிக்கி. ஒரு பூப் போட எனக்கு எடமில்ல. இவளுக்காச்சும் இருக்கட்டும். காங்கிரீட்டு போடணும்னா எம்மேல போடுங்க!"

உங்கள் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு அழுதார். எத்தனையோ மத்தியானங்கள் ஒன்றாக உட்கார்ந்து அரிசி புடைத்திருக்கிறோம் அக்கா. ஒரு நாள்கூட நீங்கள் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. எலும்பைப் பார்த்ததைவிட அதுதான் என்னை உலுக்கிவிட்டது.

மறுநாள் அதிகாரி வந்தார். நாம் பயந்ததுபோல அவர் பூங்காவை நிறுத்தவில்லை. அந்த மூலையை வேலி போட்டு விட்டுவிடலாம், ஊஞ்சலைத் தள்ளி மறுகோடியில் வைக்கலாம் என்று வரைபடத்தை அழித்து வரைந்தார். அதுவே நியாயம் என்று எல்லோரும் தலையாட்டினோம். நீங்கள்தான் பாட்டியைக் கூட்டிவந்து, "இவகிட்டயும் கேளுங்க" என்றீர்கள்.

அவள் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். மராட்டியில் அவள் சொன்னதை நீங்கள் தமிழில் சொன்னீர்கள்.

"தூரமா வைக்காதீகன்னு சொல்லுதா. பக்கத்துலயே புள்ளைக வெளையாடட்டுமாம். அதுக்கும் சத்தம் கேக்கட்டுமாம்."

அப்படியே செய்தோம். எலும்புகளை அங்கேயே வைத்துக் குழியை மூடினோம். அதன் பிறகு அந்த மூலையில் யாரும் தோண்டவில்லை. சுற்றிலும் செம்பருத்தி வைத்தோம். அதை ஒட்டியே ஊஞ்சல் ஆடியது.

போன மழைக்காலத்தில், நீங்கள் காய்ச்சல் என்று படுத்தீர்கள், எழுந்திருக்கவே இல்லை. காலையில் பேசிக்கொண்டிருந்தீர்கள், சாயங்காலம் இல்லை. அந்த அதிர்ச்சி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

இப்போது உங்கள் வீட்டுக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். பெயர் கேட்டேன், ஊர் கேட்டேன். பிள்ளைகள் எத்தனை என்று மட்டும் கேட்கவில்லை. மத்தியானம் அரிசி புடைக்க வரச் சொல்லியிருக்கிறேன். சொல்லத் தோன்றினால் அவளே சொல்லட்டும்.