டபுள் விசில்

மூக்குக்கு மேல கோபம் வர்றவளே,

கதவைத் தட்டினேன், நீ திறக்கல. அதான் இந்தச் சீட்டு. காலை ட்ரிப்புக்குக் கிளம்பறேன். டிபன் மூடி வெச்சிருக்கு. என் மேல இருக்கற கோபத்தைச் சாப்பாட்டு மேல காட்டாதே.

நேத்து சொல்லாம கொள்ளாம மைதானத்துக்கு வந்தது தப்பே இல்ல. பெத்த பொண்ணு ஆடறதைப் பார்க்கவும் நான் டிக்கெட் எடுக்கணுமா? பஸ்ஸை டிப்போவுல விட்டதும் ஓடி வந்தேன், கண்டக்டர் விசில் கழுத்துலயே கிடந்துச்சு. நீ பந்தோட தனியா கோலைப் பார்த்து ஓடினே. விசில் தானா வாய்க்கு வந்துடுச்சு. ரெஃப்ரி ஊதினார்னு நீ நின்னுட்டே. கோலும் போச்சு, மேட்சும் போச்சு. ஆனா நான் கொடுத்தது டபுள் விசில்டி! டபுள் விசில்னா வண்டியை எடுன்னு அர்த்தம். கண்டக்டர் பொண்ணுக்கு இதுகூடவா தெரியாது?

"இனிமே மேட்ச் பக்கமே வராதே"ன்னே. இன்னிக்கு மூணாவது இடத்துக்கு ஆடறீங்கல்ல, வருவேன். முன்வரிசையிலதான் உக்காருவேன்.

அம்மா

முட்டி வீக்கத்துக்கு ஐஸ் ஃப்ரீஸர்ல இருக்கு.

விசிலை உன் ஷூவுக்குள்ள போட்டிருக்கேன். பஸ்ல தகரத்தைத் தட்டிச் சமாளிச்சுக்கறேன்.

இன்னும் ஒண்ணு: விசிலைத்தான் கொடுத்திருக்கேன், தொண்டையை இல்ல.